பர்சனல் கன்வேயன்ஸ்: ஆஃப் டியூட்டில ட்ரக்க எடுத்தா லாக்ல எப்படி போடணும், முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவுல ட்ரக் ஓட்டுற நம்ம ஆளுங்க கிட்ட ஒரு நாள்ல ஓட்டக்கூடிய 11 மணி நேரம், வேலை ஆரம்பிச்சதுல இருந்து ஓட்டி முடிக்க வேண்டிய 14 மணி நேரம், 8 நாளைக்கு மொத்தமா 70 மணி நேரம்னு கேட்டா கடகடன்னு சொல்லிடுவாங்க. ஆனா பர்சனல் கன்வேயன்ஸ், அதாவது ஆஃப் டியூட்டில ட்ரக்க சொந்த தேவைக்கு ஓட்டறது, சுருக்கமா பிசினு பேச்ச எடுத்தா ஆளாளுக்கு ஒரு ரூல் சொல்றாங்க. லோடு இருந்தா போடவே கூடாதுங்கறார் ஒருத்தர், 50 மைல் வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டு போடலாம்ங்கறார் இன்னொருத்தர், டைம் முடிஞ்சுட்டா பிசி போட்டு வீட்டுக்கே வந்துடலாம் யாரும் கேக்க மாட்டாங்கன்னு மூணாவது ஆள். மூணுமே சட்டத்துல இல்லாத விஷயம், இதுல மூணாவது ஆள் சொல்றத கேட்டு நடந்தா லைசன்ஸுக்கே வேட்டு வைக்கும், ஏன்னா அது சாதாரண டைம் ஓவர் வயலேஷனா போகாது, பொய் லாக்னு, அதாவது வேலை நேரப் பதிவ பொய்யா எழுதினதா போகும்.

அதனால இத முதல்ல இருந்து ஒழுங்கா எழுதிடலாம்னு உக்காந்தேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க, புதுசா சிடிஎல் (கமர்ஷியல் வண்டி லைசன்ஸ்) எடுத்த தம்பிங்க முக்கியமா படிங்க.

எங்க இருந்து வருது இந்த ரூல்

ட்ரக் டிரைவர்களோட வேலை நேரத்த பாக்கறது ஃபெடரல் அரசோட எஃப்எம்சிஎஸ்ஏங்கற ட்ரக் பாதுகாப்பு அமைப்பு. நேரக் கணக்கு எல்லாம் பார்ட் 395ல இருக்கு, லாக் எழுதற ரூல் 395.8. அந்த 395.8க்கு கேள்வி பதில் மாதிரி விளக்கம் குடுத்திருப்பாங்க, அதுல 26வது கேள்விதான் நம்ம பிசி. 1997ல வந்த பழைய விளக்கத்துல வண்டில லோடு இருந்தா பர்சனல் யூஸ்னு போட முடியாதுன்னு இருந்துச்சு. 2018 ஜூன்ல அத மாத்திட்டாங்க, இப்போ ட்ரெய்லர்ல லோடு இருந்தாலும் பிசி போடலாம், ஏன்னா அந்த நேரத்துல லோடு கம்பெனி லாபத்துக்காக நகரல, உங்க சொந்த தேவைக்கு வண்டி போகும்போது கூடவே வருது, அவ்வளவுதான். லோடு இருந்தா கூடாதுன்னு சொல்ற சீனியர் அண்ணன்மார் எல்லாம் அந்த பழைய விளக்கத்துல படிச்சவங்க, அவங்க பொய் சொல்லல, ரூல் மாறிடுச்சு.

மைல் கணக்குக்கு வருவோம். ஃபெடரல் ரூல்ல இத்தன மைல், இத்தன மணி நேரம்னு ஒரு லிமிட்டே கிடையாது. 50 மைல், 75 மைல்னு நீங்க கேள்விப்படறது எல்லாம் ஒண்ணு உங்க கம்பெனி பாலிசியா இருக்கும், இல்ல கனடா ரூலா இருக்கும். கனடாவ கடைசில பாப்போம், அது தனி கதை.

முதல் படி: கம்பெனி பாலிசிய கைல வாங்குங்க

எஃப்எம்சிஎஸ்ஏ அனுமதிக்குதுங்கறதுக்காக உங்க கம்பெனி அனுமதிக்கணும்னு கட்டாயம் இல்ல. கம்பெனி பிசியே கிடையாதுன்னு சொல்லலாம், ஒரு நாளைக்கு இத்தன மைல்தான்னு வைக்கலாம், லோடோட போடாதீங்கன்னு சொல்லலாம். சட்டத்த விட கடுமையா வைக்க அவங்களுக்கு உரிமை இருக்கு, தளர்த்தத்தான் உரிமை இல்ல. டிஸ்பாச்சர் (கம்பெனில லோடு ஒதுக்கி அனுப்பறவர்) போன்ல "பரவால்ல பிசி போட்டு வா"ன்னு சொன்னாருன்னா அது உங்களுக்கு பாதுகாப்பு இல்ல, சொல்லப்போனா அதுவே உங்களுக்கு எதிரான ஆதாரம், அது ஏன்னு அடுத்த படில புரியும்.

வேலைக்கு சேரும்போதே சேஃப்டி டிபார்ட்மெண்ட் கிட்ட பிசி பாலிசி எழுத்துல குடுங்கன்னு கேளுங்க. நாலு விஷயம் தெரியணும்: பிசி உண்டா இல்லையா, மைல் லிமிட் என்ன, லோடோட போடலாமா, வண்டிய நிறுத்தினதுக்கு அப்புறம் எவ்வளவு நேரம் ரெஸ்ட் எதிர்பாக்கறாங்க. அதோட உங்க இஎல்டில (லாக்க தானா பதியற டிவைஸ்) பிசி பட்டன ஆன் பண்ணி வச்சிருக்காங்களான்னும் பாருங்க, அத உங்க அக்கவுண்ட்டுக்கு திறந்து விடறது கம்பெனி கைலதான் இருக்கு.

சொந்த அத்தாரிட்டில (சொந்த பேர்ல வாங்கின ஓட்ட அனுமதி) ஓடற ஓனர் ஆபரேட்டர்னா (சொந்த ட்ரக் வச்சு ஓட்டறவர்) நீங்கதான் கம்பெனி, நீங்களே ஒரு பக்கத்துக்கு பாலிசி எழுதி ஃபைல்ல வைங்க. ஆடிட் வந்தா முதல்ல கேக்கற விஷயத்துல இதுவும் ஒண்ணா இருக்கலாம்.

ரெண்டாவது படி: இந்த நகர்வு யாருக்காக?

எல்லாமே இந்த ஒரு கேள்விலதான் நிக்குது. உங்க கிட்ட எவ்வளவு டைம் மிச்சம் இருக்குங்கறதோ, வண்டில லோடு இருக்காங்கறதோ, ட்ரெய்லர் மாட்டிருக்கா பாப்டெயிலாங்கறதோ (ட்ரெய்லர் இல்லாம வெறும் ட்ரக்) இதுல பெருசு இல்ல. வண்டி நகர்றது உங்க சொந்த தேவைக்கா, கம்பெனி வேலைக்கா? கம்பெனி உங்கள வேலையில இருந்தும் பொறுப்புல இருந்தும் முழுசா விடுவிச்சிருக்கணும், அப்போதான் அது ஆஃப் டியூட்டி, ஆஃப் டியூட்டியா இருந்தாதான் பிசி.

இதனாலதான் டிஸ்பாச்சர் சொல்லி பிசி போட்டேன்னு சொல்றது உங்களுக்கு எதிராவே திரும்புது. கம்பெனி சொல்லி நகர்ந்த வண்டி எப்படி சொந்த தேவை ஆகும்? மெசேஜ்ல "ட்ரெய்லர விட்டுட்டு பிசில போய் அடுத்தத எடு"ன்னு இருந்தா அந்த மெசேஜே போதும், ரோட்ல செக் பண்ற ஆபீசருக்கு வேற ஒண்ணும் வேணாம்.

நடுவுல நிலைமை மாறலாம் பாருங்க. ட்ரக் ஸ்டாப்புல இருந்து சாப்பிட கிளம்பறீங்க, பிசில போறீங்க, சரி. சாப்பிட்டு முடிக்கும்போது டிஸ்பாச்சர் கூப்பிட்டு பக்கத்துல ஒரு பிக்கப் இருக்கு போயிடுங்கன்னா, அந்த நிமிஷத்துல இருந்து அது வேலை. பிசிய எடுத்துட்டு டிரைவிங்க்கு வந்துடணும், அதுக்கு முன்னாடி கட்டாய 10 மணி நேர ரெஸ்ட் முடிஞ்சிருக்கான்னும் பாத்துக்கணும்.

மூணாவது படி: எது போடலாம், எது போடக்கூடாது

தெளிவா போடக்கூடியது முதல்ல. ராத்திரி தங்கின ட்ரக் ஸ்டாப்புல இருந்தோ மோட்டல்ல இருந்தோ சாப்பாட்டுக்கு, ஷாப்பிங்க்கு, சினிமாவுக்கு போயிட்டு திரும்ப வர்றது. நியூ ஜெர்சி பக்கம் நிறுத்தினா எடிசன் ஓக் ட்ரீ ரோட்டுக்கு போய் ஒரு தோசை சாப்பிட்டுட்டு வரணும்னு யாருக்குத்தான் தோணாது, தாராளமா போகலாம், லாக் ரூல்ல தப்பே இல்ல. ஆனா ட்ரக் போகக்கூடாத ரோடு பிசிலயும் ட்ரக் போகக்கூடாத ரோடுதான், அத பாத்துக்கோங்க. ட்ரெய்லர கழட்டிட்டு பாப்டெயில்ல போறது நிம்மதி.

டெர்மினல்ல இருந்து வீட்டுக்கு, வீட்டுல இருந்து டெர்மினலுக்கு போறது வர்றது பிசி. ட்ரெய்லர் டிராப் லாட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல போறதும் அப்படித்தான். ஆனா தூரம் ரொம்ப அதிகமாகி தூங்க நேரமே இல்லாம போனா அதுவும் சரி வராது, போதுமான ரெஸ்ட் கிடைக்கணும்னு விளக்கத்துலயே இருக்கு. வீடு மாத்தும்போது சொந்த சாமான ஏத்திட்டு போறது, ஆஃப் டியூட்டில தூங்கிட்டு இருக்கும்போது போலீஸ்காரர் வந்து கதவ தட்டி இங்க நிறுத்தக்கூடாது எடுங்கன்னு சொல்லி நகர்த்தறது, இதெல்லாமும் பிசி.

போடக்கூடாதது இன்னும் முக்கியம், வயலேஷன் எல்லாம் இங்கதான் வருது.

வழியில நல்ல ட்ரக் ஸ்டாப் காலியா இருக்கு, அத தாண்டி தாண்டி நாளைக்கு பிக்கப் பண்ற இடத்து பக்கம் போய் நிறுத்தறது. இது கம்பெனி வேலைய முன்னேத்தற நகர்வு, ரூல்ல நேரடியாவே பேர் சொல்லி தடுத்திருக்காங்க. லோடு இறக்கிட்டு காலி ட்ரெய்லரோட இல்ல பாப்டெயில்ல அடுத்த லோடு எடுக்க போறதும் பிசி கிடையாது. வண்டிய சர்வீஸ்க்கு, டயர் கடைக்கு, ரிப்பேருக்கு எடுத்துட்டு போறதும் கிடையாது. டீசல் போட மட்டும் போறத நான் பிசில போடவே மாட்டேன், அது நாளைய ஓட்டத்துக்கு வண்டிய தயார் பண்ற வேலை.

நிறைய பேர் ஒத்துக்கவே மாட்டேங்கற விஷயம் ஒண்ணு இருக்கு. கடைசி லோட ரிசீவர் கிட்ட இறக்கியாச்சு, வேலை முடிஞ்சுது, இனிமே வீட்டுக்குத்தான் போறேன், அப்போ பிசிதானே? இல்ல. டிஸ்பாச் ஆன ட்ரிப்ல இருந்து வீட்டுக்கோ டெர்மினலுக்கோ திரும்பறது அதே ட்ரிப்போட தொடர்ச்சினு எஃப்எம்சிஎஸ்ஏ தெளிவா சொல்லிடுச்சு. அது டிரைவிங்தான். மனசுக்கு நியாயமா படாது, எனக்கும் படல, ஆனா அப்படி விட்டா 600 மைல் தள்ளி லோட இறக்கிட்டு ராத்திரி பூரா பிசில ஓட்டி வீட்டுக்கு வர்றவங்க இருப்பாங்க, தூக்கத்துல ஸ்டியரிங் பிடிச்சவன் பக்கத்து லேன்ல நம்ம குடும்பம் கூட போகலாம். அதே மாதிரி வீட்டுல இருந்து டெர்மினலுக்கு போனா பிசி, வீட்டுல இருந்து நேரா ஷிப்பர் கிட்ட லோடு எடுக்க போனா டிரைவிங்.

ஹவர்ஸ் தாண்டினதுக்காக ஆபீசர் அவுட் ஆஃப் சர்வீஸ் (இனிமே ஓட்டக்கூடாதுங்கற தடை) போட்டுட்டா அங்க இருந்து ரெஸ்ட் எடுக்க வேற இடத்துக்கு பிசில போக முடியாது, அந்த ஆபீசரே இன்ன இடத்துக்கு எடுத்துட்டு போய் நிறுத்துன்னு சொன்னா மட்டும்தான் போகலாம்.

பஸ் ஓட்டறவங்களுக்கு ஒரு வரி: பேசஞ்சர் உள்ள இருந்தா பிசி இல்ல. காலி பஸ்ஸ எடுத்துட்டு ஹோட்டலுக்கோ சாப்பிடவோ போகலாம், கூட வர்ற ஆஃப் டியூட்டி டிரைவர்கள் பேசஞ்சர் கணக்குல வர மாட்டாங்க.

நாலாவது படி: டைம் முடிஞ்சு ரிசீவர் வாசல்ல மாட்டிக்கிட்டா

இத தனியா, நிதானமா எழுதணும், ஏன்னா பிசியோட உண்மையான தேவையே இங்கதான். ஓட்டற நேரமோ டியூட்டி நேரமோ முடிஞ்சதுக்கு அப்புறம் பிசி போட்டு நாள நீட்டிக்க முடியாது, அதுதான் பொது ரூல். ஒரே ஒரு விதிவிலக்கு, ஷிப்பர் இல்ல ரிசீவர் இடத்துல நிக்கும்போது டைம் முடிஞ்சுட்டா, அங்க இருந்து பக்கத்துல இருக்கற பாதுகாப்பான இடத்துக்கு போய் நிறுத்த பிசி போடலாம். ஹைவேல ஓடிட்டு இருக்கும்போது டைம் முடிஞ்சா இது பொருந்தாது.

இது வேணும்ங்கறதுக்கு ரத்தம் சிந்தின காரணம் இருக்கு. 2009ல நியூயார்க்க சேர்ந்த ஜேசன் ரிவன்பர்க்னு ஒரு டிரைவர் சவுத் கரோலினாவுக்கு பால் லோடு கொண்டு போனாரு, நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டதால உள்ள நிறுத்த விடல, பக்கத்துல மூடிக்கிடந்த ஒரு பெட்ரோல் பங்க்ல நிறுத்தி தூங்கினாரு, கொள்ளையடிக்க வந்தவன் சுட்டுக் கொன்னுட்டான். அவர் பேர்லதான் 2012ல ட்ரக் பார்க்கிங்க்கு ஜேசன்ஸ் லா வந்துச்சு. இன்னைக்கும் பார்க்கிங் பத்தாம ஆன் ரேம்ப்ல, ஷோல்டர்ல வண்டிய போட்டு தூங்கற நெலமைதான். அதனால இந்த விதிவிலக்க மதிச்சு, சரியா பயன்படுத்துங்க, இத தப்பா பயன்படுத்தறவங்கனாலதான் எல்லாருக்கும் கெட்ட பேரு.

ஒரு கணக்கு போட்டு பாப்போம். இலினாய்ஸ் ஜோலியட்ல ஒரு வேர்ஹவுஸ்னு வைங்க. காலைல 4:30க்கு ப்ரீ ட்ரிப்போட (கிளம்பறதுக்கு முன்னாடி வண்டிய செக் பண்றது) 14 மணி நேர கடிகாரம் ஆரம்பிச்சுது, அப்போ சாயங்காலம் 6:30க்கு முடியுது. மதியம் 1 மணிக்கு அப்பாயின்ட்மெண்ட், ஆனா டாக் (சரக்கு இறக்கற மேடை) கிடைக்கவே சாயங்காலம் ஆயிடுச்சு, இறக்கி பேப்பர் கைல வரும்போது 7:15. கேட்ல செக்யூரிட்டி ராத்திரி இங்க நிறுத்த முடியாது கிளம்புங்கன்னுட்டாரு. இப்போ என்ன பண்ணணும்?

உள்ள நிறுத்த முடியுமான்னு முதல்ல கேளுங்க, முடியாதுன்னு சொன்னத குறிச்சுக்கோங்க. ஆன் டியூட்டிய 7:20க்கு முடிச்சு, வண்டிய நகர்த்தறதுக்கு முன்னாடி பிசி செலக்ட் பண்ணி நோட் போடுங்க. ஆப்ல பக்கத்து ட்ரக் ஸ்டாப் 9 மைல்ல காட்டுது, போறீங்க, ஃபுல். லாட்ட ஒரு சுத்து சுத்தி பாத்துட்டு அடுத்தது 14 மைல் தள்ளி, அங்க போய் 8:05க்கு நிறுத்தறீங்க. இது செல்லும், ஏன்னா முதல்ல கிடைக்கற நியாயமான இடத்துலதான் நிறுத்திருக்கீங்க, முதல் இடம் ஃபுல்லா இருந்துச்சுன்னு நோட்டும் இருக்கு. அந்த ரெண்டாவது இடம் நாளைக்கு போற பக்கமாவே இருந்தாலும் பிரச்னை இல்ல. காலி இடத்த தாண்டி போனாதான் பிரச்னை.

பிசி ஆஃப் டியூட்டிங்கறதால 10 மணி நேரம் 7:20ல இருந்தே ஓட ஆரம்பிச்சுடும், கணக்குப்படி காலைல 5:20க்கு முடியும். ஆனா சில கம்பெனிகள் வண்டிய நிறுத்தினதுல இருந்து முழு 10 மணி நேரம் கேக்கும், அப்போ 6:05. பாலிசி கேக்கலன்னாலும் முக்கா மணி நேரம் ஓட்டிருக்கீங்க, கொஞ்சம் கூட தூங்கிட்டு 6 மணிக்கு மேல எடுக்கறதுதான் உடம்புக்கும் நல்லது, ஆபீசர் பாத்தாலும் இவர் ரெஸ்ட்டுக்காகத்தான் போயிருக்காருன்னு தெரியும். காலைல அந்த ட்ரக் ஸ்டாப்புல இருந்து கிளம்பற முதல் மைலே டிரைவிங், இதுல மறுபேச்சே இல்ல.

அஞ்சாவது படி: இஎல்டில எப்படி போடறது

பிசிய வண்டி நகர்றதுக்கு முன்னாடி செலக்ட் பண்ணணும், முடிஞ்சதும் எடுத்துடணும். 5 மைல் வேகத்துக்குள்ளயே டிவைஸ் தானா டிரைவிங்க்கு மாறிடும், தானா பதிவான டிரைவிங் நேரத்த அப்புறமா எடிட் பண்ணி குறைக்க முடியாது. மறந்து கிளம்பிட்டீங்கன்னா என்ன நடந்துச்சுன்னு நோட்ட போட்டுட்டு ஆபீஸுக்கு உடனே மெசேஜ் பண்ணுங்க, அந்த டைம அழிக்கறதுக்கு டிவைஸ லாக் அவுட் பண்றது, யார் ஓட்டினதுன்னு இல்லாம அன்ஐடென்டிஃபைடுல விடறது மாதிரி வேலை எல்லாம் வேண்டவே வேண்டாம், அது லாக்ல எப்படியும் ஒட்டிக்கிட்டு நிக்கும்.

இஞ்சின ஆஃப் பண்ணி திரும்ப ஆன் பண்ணா டிவைஸ் இன்னும் பிசிதானான்னு கேக்கும். ஆமான்னு உறுதி பண்ணலன்னா பிசி போயிடும், நீங்க சாப்பிட்டுட்டு திரும்பற பயணம் டிரைவிங்ல ஏறி, ராத்திரி ரெஸ்ட்ட ரெண்டா வெட்டிடும். நிறைய பேர் இந்த ஸ்க்ரீன பாக்காம தள்ளி விடறாங்க, கடையில இருந்து வந்து சாவி போட்டதும் முதல் வேலையா அத பாருங்க.

இஎல்டில பிசி ஆன் பண்ணி வைக்கலன்னா ஆஃப் டியூட்டில வச்சு நோட் எழுதி காரணம் சொல்லணும். நோட்டுக்கு 4 எழுத்துல இருந்து 60 எழுத்து வரைக்கும்தான் இடம், அதனால சுருக்கமா, ஆபீசர் படிக்கற மாதிரி இங்கிலீஷ்ல எழுதுங்க. "பிசி" அப்படின்னு மட்டும் எழுதறது நோட்டே இல்ல. எங்க போறீங்க, எதுக்கு, ரெண்டும் வரணும்: "ரிசீவர் நோ பார்க்கிங், கோயிங் டு நியரஸ்ட் ட்ரக் ஸ்டாப்", இல்ல "ஃபர்ஸ்ட் ஸ்டாப் ஃபுல், நெக்ஸ்ட் ஒன்", இல்ல "டின்னர் அண்ட் பேக்", இப்படி. செக்யூரிட்டி போகச் சொன்ன நேரத்த போன்ல ஒரு குறிப்பா வைங்க, ஃபுல்லா இருந்த லாட்ட ஒரு போட்டோ எடுத்து வைங்க. சட்டம் போட்டோ கேக்கல, ஆனா நாலு மாசம் கழிச்சு யாராவது கேட்டா உங்களுக்கே ஞாபகம் இருக்காது.

பிரைவசி பத்தி அடிக்கடி கேக்கறாங்க. பிசில இருக்கும்போது இஎல்டி உங்க லொகேஷன சுமாரா 10 மைல் வட்டத்துக்குள்ளனு மட்டும்தான் பதியும், சாதாரணமா இது 1 மைல். ஆனா கம்பெனியோட தனி ஜிபிஎஸ், டோல் ரசீது, டீசல் ரசீது எல்லாம் அப்படியேதான் இருக்கும். லாக், அதுக்கான ஆதார பேப்பர் எல்லாத்தையும் கம்பெனி 6 மாசம் வச்சிருக்கணும், ஆடிட் பண்றவங்க பிசி மைலையும் ரசீதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுதான் பாப்பாங்க.

யார்ட் மூவ்னு இன்னொரு பட்டன் இருக்கும், அது வேற. யார்டுக்குள்ள கம்பெனி வேலையா வண்டிய நகர்த்தறது, ஆன் டியூட்டில போகும். ரெண்டையும் மாத்தி அழுத்தாதீங்க.

ஆறாவது படி: கடிகாரத்துக்கு என்ன ஆகும்

பிசில ஓட்டறது 11 மணி நேரத்துல சேராது, 70 மணி நேரத்துலயும் சேராது. ஆனா நாள் நடுவுல ஒரு மணி நேரம் பிசில போனா 14 மணி நேர கடிகாரம் நிக்காது, அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். 10 மணி நேர ரெஸ்ட்டுக்கு நடுவுல பிசில போயிட்டு வந்தா ரெஸ்ட் உடையாது, ரெண்டுமே ஆஃப் டியூட்டி கணக்குதான். 70 மணி நேர கணக்க முதல்ல இருந்து ஆரம்பிக்க எடுக்கற 34 மணி நேர ரீஸ்டார்ட்டும் அப்படியே.

ஸ்லீப்பர் ஸ்ப்ளிட் பண்றவங்க, அதாவது 10 மணி நேர ரெஸ்ட்ட ரெண்டு துண்டா எடுக்கறவங்க மட்டும் உஷாரா இருங்க. 7 மணி நேரமோ 8 மணி நேரமோ ஸ்லீப்பர் பெர்த்ல (ட்ரக்ல இருக்கற படுக்கை) தொடர்ச்சியா இருக்கணும், நடுவுல எழுந்து பிசில கடைக்கு போனா அது ஸ்லீப்பர்ல இருந்து வெளிய வந்துடும், அந்த துண்டு செல்லாது. 2 மணி, 3 மணி நேர சின்ன துண்டு ஆஃப் டியூட்டியா இருக்கலாம்ங்கறதால அதுல போயிட்டு வரலாம்.

ஏழாவது படி: ஆபீசர் நிறுத்தினா

பிசில இருந்தாலும் அது கமர்ஷியல் வண்டிதான், உங்கள நிறுத்தலாம், இன்ஸ்பெக்‌ஷன் பண்ணலாம். ஆஃப் டியூட்டில இருக்கேன் நீங்க கேக்கக்கூடாதுன்னு வாக்குவாதம் பண்ணி ஒரு பிரயோஜனமும் இல்ல. அந்த இன்ஸ்பெக்‌ஷன் நேரத்த ஆன் டியூட்டி நாட் டிரைவிங்ல போடணும், அப்போ ரெஸ்ட் நடுவுல இருந்தா 10 மணி நேர கணக்க திரும்ப ஒரு தடவ பாத்துக்கோங்க.

எங்க போறீங்க, எங்க இருந்து வர்றீங்க, எப்போ நிறுத்தினீங்க, அடுத்த லோடு எங்கன்னு கேப்பாரு. நோட்ல எழுதினத அப்படியே சொல்லுங்க, கூட குறைய சொல்லாதீங்க. அவர் பாக்கறது ஒண்ணே ஒண்ணு, பிசி மைல நீக்கிட்டா இந்த ஆள் 11 மணி நேரத்துக்குள்ள இங்க வந்திருக்க முடியுமா, இந்த பிசி அவர அடுத்த வேலை பக்கம் கொண்டு வந்துச்சா. கொண்டு வந்துச்சு, வழியில இடமும் இருந்துச்சுன்னா பொய் லாக்னு எழுதுவாரு, அவுட் ஆஃப் சர்வீஸும் வரலாம். அந்த இன்ஸ்பெக்‌ஷன் பிஎஸ்பி ரிப்போர்ட்ல (டிரைவரோட பழைய பதிவு) 3 வருஷம் நிக்கும், அடுத்த கம்பெனிக்கு அப்ளை பண்ணும்போது முதல்ல அதத்தான் எடுத்து பாப்பாங்க.

இத தெரியாம நிறைய பேர் மாட்டறாங்க

பிசில பீர் வாங்க போறது. நல்லா கேட்டுக்கோங்க, கமர்ஷியல் வண்டிய ஓட்டறதுக்கு முன்னாடி 4 மணி நேரம் ஒரு சொட்டு கூட குடிக்கக்கூடாது, வண்டிய ஓட்டும்போது குடிக்க வச்சிருக்கற பாட்டில் கேபின்ல இருக்கறதே தப்பு, சீல் உடைக்கலன்னாலும் தப்பு. லோடா, மேனிஃபெஸ்ட்ல இருந்தா அது வேற. லாக்ல நீங்க ஆஃப் டியூட்டியா இருக்கலாம், ஆனா கைல இருக்கறது கமர்ஷியல் வண்டி, ரத்தத்துல ஆல்கஹாலுக்கு சிடிஎல் லிமிட் 0.04 சதவீதம்தான். பாருக்கு பாப்டெயில்ல போயிட்டு வந்தா லாக் சரியா இருக்கும், லைசன்ஸ் போயிடும். குடிக்கணும்னா ஊபர்ல போங்க, தயவு செஞ்சு.

போன கைல பிடிக்கக்கூடாது, சீட் பெல்ட் போடணும், ஹஸ்மட் (ஆபத்தான சரக்கு) லோடுனா அதோட பார்க்கிங், ரூட் ரூல் எல்லாம் பிசிலயும் அப்படியே இருக்கு. மனைவி, பிள்ளைங்கள கூட்டிட்டு கடைக்கு போறீங்கன்னா கம்பெனியோட எழுத்து மூலமான அனுமதி வேணும், பிசிங்கறதால அது தேவையில்லன்னு ஆயிடாது.

ஓனர் ஆபரேட்டர்களுக்கு ரெண்டு விஷயம். பிசி மைலும் மைல்தான், ஐஎஃப்டிஏ ரிப்போர்ட்ல (ஸ்டேட் வாரியா டீசல் வரி கணக்கு) சேத்து காட்டணும். ரெண்டாவது இன்சூரன்ஸ்: நீங்க லீஸ்ல ஓடற கம்பெனியோட பாலிசி நீங்க அவங்க வேலைல இருக்கும்போது தான் உங்கள பாக்கும், சொந்த வேலைக்கு எடுத்துட்டு போய் யாரையாவது இடிச்சா அவங்க கை விரிச்சுடலாம். அதுக்குத்தான் "நான்-ட்ரக்கிங் லயபிலிட்டி" (non-trucking liability)னு தனி பாலிசி இருக்கு, அது இல்லாம பிசில வண்டிய வெளிய எடுக்காதீங்க. ஏஜெண்ட் கிட்ட பிசினு நேரடியா சொல்லி கவர் ஆகுமான்னு ஈமெயில்ல பதில் வாங்கி வைங்க.

ஸ்டேட்டுக்குள்ள மட்டும் ஓடறவங்க உங்க ஸ்டேட் ரூல தனியா பாக்கணும், கலிபோர்னியா, டெக்சாஸ் மாதிரி இடங்கள்ல உள்ளூர் ஓட்டத்துக்கு நேரக் கணக்கே வேற.

பார்டர் தாண்டறவங்களுக்கு, கனடா

டொரன்டோ, ஸ்கார்பரோ, பிராம்டன் பக்கம் இருந்து ஓடற நம்ம தமிழ் டிரைவர்கள் இந்த பகுதிய திரும்ப ஒரு தடவ படிச்சுக்கோங்க, ஏன்னா குழப்பமே இங்கதான் ஆரம்பிக்குது. கனடால பர்சனல் யூஸ்க்கு ஒரு நாளைக்கு 75 கிலோமீட்டர்தான். மைல் இல்ல, கிலோமீட்டர். லோடு இறக்கியிருக்கணும், ட்ரெய்லர கழட்டியிருக்கணும், ஆரம்பத்துலயும் முடிவுலயும் ஓடோமீட்டர் பதிவாகணும், அவுட் ஆஃப் சர்வீஸ்ல இருக்கக்கூடாது. அப்போ அமெரிக்கால செல்லுபடியாகற லோடோட பிசி, அம்பாசடர் பிரிட்ஜ தாண்டி வின்ட்சர்ல காலடி வச்ச நிமிஷமே செல்லாது.

கனடா இஎல்டில 75 தாண்டினதும் டிவைஸ் தானா டிரைவிங்க்கு மாத்திடும். ரெஸ்ட்டுக்கு நடுவுல 40 கிலோமீட்டர் தள்ளி சாப்பிட போயிட்டு திரும்பி வந்தா 80 ஆயிடுது, கடைசி 5 கிலோமீட்டர் டிரைவிங்ல ஏறி உங்க ரெஸ்ட்ட உடைச்சுடும். அதனால ஒரு பக்க தூரம் 35க்குள்ள இருக்கற கடையா பாருங்க, வழி தவறினாலும் சமாளிக்க இடம் இருக்கும்.

எந்த நாட்டு ரோட்ல வண்டி நிக்குதோ அந்த நாட்டு ரூல்தான், கம்பெனி எந்த பக்கம் இருந்தாலும் சரி. பஃபலோல ராத்திரி லோட இறக்கிட்டு டைம் முடிஞ்சுதுன்னா நிறுத்த இடத்த அமெரிக்க பக்கமே தேடுங்க, பீஸ் பிரிட்ஜ் தாண்டி ஃபோர்ட் எரில நிறுத்திக்கலாம்னு ட்ரெய்லரோட பிசில கிளம்பிடாதீங்க. இஎல்டில ரூல் செட்ட யுஎஸ்ல இருந்து கனடாவுக்கு மாத்த மறக்காதீங்க, மாத்தினதுக்கு அப்புறம் பிசி ஆஃப் ஆகியிருக்கான்னு ஸ்க்ரீன்ல கண்ணால பாத்துட்டு கிளம்புங்க.